கை தட்டும் பத்து நொடிக்குப் பிறகு: பறவை மீட்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறு வாரத்துக்கு முன், அடிபட்ட பறவைகளைத் தேற்றும் எங்கள் கூடத்தில் நீங்கள் கொண்டுவந்து ஒப்படைத்த பருந்தைப் பற்றி விசாரித்தார். எலும்பு கூடிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை விட்டுடலாமா? அன்னிக்குத்தான் எல்லாருக்கும் லீவு" என்று கேட்டார். வீடியோ எடுக்கிற தம்பியும் வருவாராம். "பார்க்கலாம்" என்று மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். மழுப்பியிருக்கக் கூடாது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அவர் மட்டும் படித்தால் போதாது. பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை எங்கேயோ விழுந்து கிடக்கிறது என்று அழைப்பு வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிற எல்லாக் குழுக்களும் படிக்கவேண்டும்.

நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் கூண்டுகள் காலியாகத்தான் கிடக்கும், பறவைகள் சாலையோரத்தில் செத்துக் கிடக்கும். நள்ளிரவில் பாழுங்கிணற்றில் கயிறு கட்டி இறங்கி ஓர் ஆந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவரை எனக்குத் தெரியும். கையில் நான்கு இடத்தில் நகம் பதிந்து ரத்தம் வழிய வழிய வந்தவர், முதலில் பறவையைப் பாருங்கள் என்றார். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

உங்கள் வீடியோக்களைப் பார்ப்பதுண்டு. அநேகமாக எல்லாம் ஒரே மாதிரிதான். ஒருவர் பறவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். அது வாயைப் பிளந்துகொண்டு முழிக்கும். சுற்றிலும் பத்துப் பேர். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி மேலே வீசுவார். படபடவென்று அடித்துக்கொண்டு எழும்பி, ஏதோ ஒரு மரத்தைத் தாண்டி மறையும். கைதட்டல். மொத்தமே பத்து நொடி. பதினோராவது நொடியில் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை, யாருக்கும் தெரியாது என்பதால்.

எனக்கு ஒரு தடவை தெரிந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில், கண்ணாடி ஜன்னலில் மோதி விழுந்த ஒரு வைரி வந்தது, சின்ன வேட்டைப் பறவை. பெட்டை. எலும்பு எதுவும் உடையவில்லை. இரண்டு நாளில் நிமிர்ந்து நின்றது, எங்களை முறைத்தது, கொடுத்ததைத் தின்றது. எடை 168 கிராம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மூன்றாம் நாள் காலை நானே தூக்கி வீசினேன். அம்பு மாதிரி போனது. நாங்களும் கை தட்டினோம். எட்டாம் நாள் அதே வளாகத்தின் மறுகோடியில் குப்பை கூட்டுகிற அம்மா ஒரு பறவையை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்தார். வாலில் மூன்றாவது இறகு நுனியில் பிளந்திருந்தது. அதே வைரி. எடை 117 கிராம். மார்பெலும்பைத் தொட்டால் கத்தி விளிம்பு போலக் குத்தியது, இருபுறமும் சதையே இல்லை. அன்று ராத்திரி செத்துப்போனது. அப்புறம்தான் மருத்துவர் அதன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலக்கண்ணின் பின்பக்கம் ரத்தம் உறைந்து கிடந்தது. மோதியபோது ஏற்பட்ட காயம். நாங்கள் இறக்கையைப் பார்த்தோம், காலைப் பார்த்தோம், கண்ணுக்குள் பார்க்கவே இல்லை. அதற்குப் பறக்கத் தெரிந்தது. இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. ஐந்து நாளும் பாய்ந்து பாய்ந்து, வெறும் காலோடு திரும்பித் திரும்பி, பட்டினியில் விழுந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான்: பறப்பது வேறு, பிழைப்பது வேறு. புறாவோ மைனாவோ முக்கால்வாசி தேறினால்கூடத் தரையில் எதையாவது கொத்திக்கொண்டு மீதியைத் தேற்றிக்கொள்ளும். இரைகொல்லிப் பறவைக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு உடம்போடு, இரண்டு கண்ணோடு இருக்கும் பறவையே பாய்கிற பாய்ச்சலில் பெரும்பாலானதைக் கோட்டை விடுகிறது. காட்டிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சுகளில் பல இனங்களில் பாதிக்கும் மேல் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. அந்த உலகத்துக்குள் தொண்ணூறு சதவீதம் குணமான பறவையை அனுப்பினால், மீதிப் பத்து சதவீதம் அதைக் கொன்றுவிடும். அது சாவது நம் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் "ஒரு நாள் வைத்துப் பார்த்தோம், நன்றாக இருந்தது, விட்டுவிட்டோம்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மின்கம்பியில் அடிபட்ட பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓர் இறகு கருகியிருக்கும், வேறொன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்துத்தான் ரத்தம் போகாத சதை கருத்து, விரல்கள் சுருங்கி உதிரத் தொடங்கும். முதல் நாளே விட்டிருந்தால் உங்கள் கணக்கில் அது வெற்றி.

சரி, எங்களிடம் வருவதற்கு முன் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம். பறவை தப்பிக்குமா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது வாயில் தண்ணீர் ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே உள்ளே போகும். பாலும் அப்படித்தான். பல நாள் பட்டினி கிடந்த பறவைக்கு உடனே இறைச்சியைத் திணிப்பதும் ஆபத்து. எலும்பும் தோலுமாக வரும் பறவைக்கு நாங்கள் முதலில் கொடுப்பது கதகதப்பு, அடுத்தது உப்புச்சத்துள்ள திரவம், அதற்கும் அடுத்துத்தான் எலும்பில்லாத துளித்துளி இறைச்சி. அவசரப்பட்டு வயிறு நிறைய ஊட்டினால் ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி, நிறைந்த வயிற்றோடு செத்துவிடும்.

பிடிக்கும்போது அலகைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது காலைப் பார்த்து. துண்டை மேலே போட்டுவிட்டு இரண்டு காலையும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மார்பை அழுத்திப் பிடிக்காதீர்கள். நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. அது அசைய இடமில்லாமல் இறுக்கினால் உங்கள் கைக்குள்ளேயே மூச்சு நின்றுவிடும். பிடித்ததும் ஓர் அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, காற்றுக்கு நாலு ஓட்டை, மூடிவிடுங்கள். இருட்டு வந்ததும் அது அடங்கிவிடும். "எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்று வழியில் பத்து முறை திறக்காதீர்கள். நம் முகம் அதற்கு ஆறுதல் தராது. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய விலங்கு ஒன்று தின்னப்போகிறது என்றுதான் அதற்குப் படும். தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிச் சொக்கிப்போகிறது என்று ஒரு வீடியோவில் எழுதியிருந்தீர்கள். அது சொக்கல் இல்லை, பயத்தில் உறைந்துபோனது.

கம்பிக் கூண்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் வேலையில் அதிக நாள் பிடிப்பது எலும்பு என்று நினைப்பீர்கள். உண்மையில் இறகு. பறவையின் எலும்பு வேகமாகக் கூடும். சரியாக நிறுத்தி வைத்தால் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். (அதே வேகம்தான் எதிரியும். ஐந்தாறு நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுவந்தால் கோணலாகவே கூடத் தொடங்கியிருக்கும். பிறகு மூட்டுப் பக்கத்தில் உடைந்ததை யாராலும் நேராக்க முடியாது.) இறகு அப்படியில்லை. முழுதாக வளர்ந்த இறகு நம் நகத்தைப் போல உயிரில்லாதது. பாதியில் முறிந்தால் முறிந்ததுதான். அடுத்த இறகுதிர் காலத்தில் அடிக்கட்டை விழுந்து புதிது முளைத்தால்தான் உண்டு. சின்ன வல்லூறுகளுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பெரிய கழுகுகள் எல்லா இறகையும் ஒரே வருடத்தில் மாற்றுவதே இல்லை. எலிக்கூண்டு, கிளிக்கூண்டு, பூனைக்கூண்டு என்று கிடைத்ததில் போட்டு ஒரு ராத்திரி வைத்திருந்தால், கம்பியில் அடித்து அடித்து வாலும் சிறகும் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். இறக்கையில் சின்னச் சிராய்ப்போடு விழுந்த பறவை, கூண்டினால் மட்டுமே எட்டு மாதம் எங்களிடம் சிறையிருந்தது உண்டு.

எட்டு மாதத்தைத் தவிர்க்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. பறவை வைத்து வேட்டையாடியவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது. ஒட்டு இறகு. எங்களிடம் ஓர் இழுப்பறை நிறைய உறைகள் உண்டு. பிழைக்காமல் போன பறவைகளின் இறகுகளை எடுத்து, இனம், ஆணா பெட்டையா, வலமா இடமா, எத்தனையாவது இறகு என்று எழுதி அடுக்கி வைத்திருப்போம். ஒரு சிறகுக்கு முதன்மை இறகு பத்து. உங்கள் பருந்துக்கு அதில் மூன்று போயிருந்தது, ஆறும் ஏழும் எட்டும். மயக்க மருந்து கொடுத்து மேசையில் படுக்கவைத்து, முறிந்த இறகின் தண்டை ஒரு விரல்கடை விட்டு நறுக்கினோம். தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். மூங்கிலை ஊசி மாதிரி சீவி, ஒரு முனையை அந்தப் பொள்ளலில் செருகி, மறுமுனையில் புது இறகைப் பொருத்தி, சந்தில் ஒரு சொட்டுப் பசை. பசை வழிந்து பக்கத்து இறகில் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு துண்டுக் காகிதம். காயும்வரை இறகைத் திருகாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். துளி திரும்பிவிட்டாலும் அடுத்த இறகோடு படியாது. மூன்று இறகுக்கு ஒன்றரை மணி நேரம். என் விரலில் இன்னும் பசை போகவில்லை. அந்த ஆறாவது இறகு போன வருடம் செத்துப்போன இன்னொரு பருந்துடையது. அதைக் கொண்டுவந்ததும் உங்கள் குழுதான். செத்ததை ஏன் எங்களிடம் கொடுக்கச் சொல்கிறோம் என்று அன்றைக்குக் கேட்டீர்கள், இதற்குத்தான்.

அடுத்தது குஞ்சுகள். குஞ்சுப் பருவம் வந்தால் உங்கள் தொலைபேசி ஓயாது, எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவற்றில் நிறையப் பேர் அநாதைகள் இல்லை. கடத்தப்பட்டவர்கள். ஆந்தைக் குஞ்சு பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். கிளை கிளையாகத் தாவும், விழும், நகத்தாலும் அலகாலும் பற்றிக்கொண்டு மறுபடி ஏறும். அம்மாவும் அப்பாவும் பக்கத்து மரத்தில்தான் இருப்பார்கள். நீங்கள் நிற்பதால் வரமாட்டார்கள். காயம் இல்லை என்றால் பூனை நாய் எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் வைத்துவிட்டு, தூரத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். கூடே கீழே விழுந்துவிட்டால், தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்ன ஓட்டையுள்ள ஒரு கூடையை அதே மரத்தில் கட்டி அதற்குள் குஞ்சை வைத்தாலும் பெற்றோர் வந்து ஊட்டும். மனிதன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. தன் குஞ்சு பசியில் கத்தும்போது அது உங்கள் வாசனையைப் பற்றிக் கவலைப்படாது.

எந்த மருத்துவத்தாலும் எங்களால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: மனிதனை அம்மா என்று நினைத்து வளர்ந்த பறவை. இரண்டு வருடத்துக்கு முன் கூகை என்கிற ஆந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் இல்லை, வேறொரு குழு. கண் திறக்காத பருவத்திலிருந்து வீட்டில் வைத்து, மடியில் போட்டு, பெயர் வைத்து வளர்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. முத்துப்போல இறகு. ஆனால் பறந்து பழகும் பெரிய கூண்டில் மற்ற கூகைகளைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. என்னைக் கண்டால் வாயைத் திறந்து சீறிச் சீறிச் சாப்பாடு கேட்டது. வளர்ந்த பிறகு, வேலைக்கு வந்த ஒரு தம்பியின் தலையில் வந்து உட்கார்ந்து தன் ஜோடியாக நினைத்துக் கொஞ்சத் தொடங்கியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதை வெளியே விட்டால் முன்பின் தெரியாத ஒருவர் தலையில் போய் இறங்கும். அவர் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. இருந்துகொண்டே இருக்கும்.

இதில் பெரிய இடங்களே அடிபட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் அழிகிற நிலைக்கு வந்தபோது, 1987இல் காட்டில் மிச்சமிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துவிட்டார்கள். உலகத்திலேயே மொத்தம் 27. குஞ்சு மனித முகத்தைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று, காண்டோர் தலை மாதிரி கைப்பொம்மை செய்து அதை மாட்டிக்கொண்டுதான் ஊட்டினார்கள். அவ்வளவு எச்சரிக்கை. 1992இல் முதல் பறவைகளை வெளியே விட்டார்கள். அவை என்ன செய்தன தெரியுமா? மின்கம்பங்களில் போய் உட்கார்ந்தன, மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு ஆர்வமாக வந்தன. சில கம்பியில் மோதிச் செத்தன. மிச்சத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு கூண்டுக்குள்ளேயே போலி மின்கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாகச் சுரீரென்று அடிக்கும்படி வைத்துப் பழக்கினார்கள். குஞ்சுகளைக் காண்டோர் பெற்றோரிடமே வளரவிட்டார்கள், முரட்டுப் பெரிய பறவைகளோடு விட்டு இளசுகளுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தார்கள். கைப்பொம்மைக்கே இந்தக் கதி என்றால், மடியில் போட்டுப் பாட்டுப் பாடி வளர்த்ததன் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எலும்பு கூடிவிட்டது என்று நான் சொன்னது உண்மை. முன்கையில் இருக்கும் இரண்டு எலும்பில் தடித்தது உடைந்திருந்தது. மெல்லியது உடையாமல் தானே ஒரு பத்தை மாதிரி தாங்கிக்கொண்டது. அதிர்ஷ்டசாலிப் பறவை. ஆனால் கட்டுப்போட்டு மடக்கி வைத்த இறக்கையில் தோள்பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் தோல் சுருங்கிவிடும். மயக்கத்தில் வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிட வேண்டியிருந்தது. மூன்று வாரம் அசையாமல் இருந்த சதைக்குத் தெம்பு கிடையாது. மூன்று மாதம் படுக்கையில் இருந்தவரைக் கட்டு அவிழ்த்த அன்றைக்கே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவீர்களா? இப்போது காலில் மெல்லிய தோல்வாரும் நீளமான கயிறும் கட்டி, திறந்த வெளியில் தினமும் பறக்கவிடுகிறோம். எழும்பும்போது இரண்டு இறக்கையும் ஒரே அளவு அடிக்கிறதா, திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறதா, இறங்கும்போது தடுமாறுகிறதா, எத்தனையாவது முறையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். முதல் நாள் மூன்றாவது முறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டது. நேற்று பதினான்கு.

பருந்துதானே, பொறுக்கித் தின்று பிழைத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பொறுக்கும். ஆனால் அது பொறுக்குவது ஆகாயத்தில். பறந்துகொண்டே காலால் கவ்வி, பறந்துகொண்டே தின்னும். பின்னாலேயே நாலு பருந்தும் எட்டுக் காக்கையும் பிடுங்க வரும். வளைந்து நெளிந்து தப்பிக்கத் தெரியாததற்கு ஒரு வாய்கூட மிஞ்சாது. வல்லூறாக இருந்தால் இன்னும் கறாராக இருப்போம். உயிருள்ள இரையைத் தானே பிடிக்கிறதா என்று பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஒரு கண் போன பகல்வேட்டைப் பறவையை விடுவதே இல்லை. ஆந்தை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள்ளேயே சண்டை வரும். கூகையின் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே. அதனாலேயே கும்மிருட்டில் சத்தத்தை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும். ஆகவே ஒற்றைக்கண் கூகையை விடலாம் என்பது ஒரு கட்சி, கூடாது என்பது இன்னொரு கட்சி. காது நன்றாக இருந்தால் விடலாம் என்பது என் கட்சி, இன்றைய தேதிக்கு.

விடுவதும் வீசுவது இல்லை. எங்கே எடுத்தீர்களோ அந்த இடத்துக்கு, அங்கே ஆபத்து இல்லையென்றால், கொண்டுபோவோம். வளர்ந்த பறவைக்கு அங்கே ஜோடி இருக்கலாம், தண்ணீர் எங்கே, இரை எங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பகல் பறவை என்றால் காலையில், ஆந்தை என்றால் அந்தி சாய்ந்த பிறகு. மழைமேகம் இருந்தால் தள்ளிப்போடுவோம். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அது பத்து நிமிடம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு ஒரு தாழ்ந்த கிளைவரை மட்டும் போய் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருக்கலாம். வீடியோவுக்கு உதவாது. இளம் பறவை என்றால் விட்ட இடத்திலேயே பல நாள் இரை வைத்துவிட்டு வருவோம். அமெரிக்காவில் டிடிடி பூச்சிமருந்தால் பொரி வல்லூறு அழியப்போனபோது, டாம் கேட் என்பவர் 1970இல் தொடங்கிய அமைப்பு இப்படித்தான் செய்தது. குன்றின் உச்சியில் பெட்டி வைத்து, ஆள் முகம் தெரியாமல் குழாய் வழியாக இரை போட்டு, தானாகப் பறந்து தானாக வேட்டையாடும்வரை வாரக்கணக்கில் சோறு நிற்காமல் பார்த்துக்கொண்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வல்லூறுகளை அப்படி வெளியே விட்டார்கள். 1999இல் அந்தப் பறவை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீங்கியது.

உங்களுக்கு எங்கள்மேல் இருக்கும் கோபத்தையும் மறைக்க வேண்டாம். "உயிரோட கொண்டுபோய்க் கொடுத்தோம், ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க" என்று நீங்கள் பேசிக்கொள்வது காதுக்கு வந்தது. உண்மைதான், போடுகிறோம். தோள்மூட்டு நொறுங்கிப்போன கழுகு, இரண்டு கண்ணும் போன வல்லூறு, பாதம் அழுகிய பருந்து. ஒற்றைக்காலில் நின்றால் உடல் எடை முழுவதும் அதில் இறங்கி, நல்ல பாதமும் புண்ணாகிச் சீழ் வைக்கும். ஆகாயத்தில் வட்டமடிக்கவே பிறந்த ஒன்றை, கூண்டின் மூலையில் தலையை மோதிக்கொண்டு பதினைந்து வருடம் உயிரோடு வைத்திருப்பது யாருக்காக? அபூர்வமாக ஒன்றிரண்டு கூண்டு வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளும். பறக்க முடியாத பெட்டை ஆந்தை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அநாதைக் குஞ்சுகளை அதனிடம் விட்டால் தன்னுடையதாக நினைத்து ஊட்டி வளர்த்துவிடும். அப்படிப்பட்டதை வைத்துக்கொள்கிறோம். மற்றவற்றுக்கு ஊசி போடுகிற அன்று இங்கே யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எத்தனை பறவையை மீட்டோம் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். எங்கே எடுத்தோம் என்று எழுதி வைக்கிறீர்களா? பறவையைத் தரும்போது "அந்தப் பக்கம் ரோட்டோரமா கிடந்துச்சு" என்கிறீர்கள். எந்தக் கம்பத்தடியில், எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கீழே, என்றைக்கு, எத்தனை மணிக்கு? ஒரே மின்கம்பத்தடியில் மூன்று பருந்து விழுந்தது தெரிந்தால், மின்வாரியத்தில் போய் அந்த ஒரு கம்பத்துக்கு உறை போடச் சொல்லி நிற்கலாம். அது நான்காவது பருந்தைக் காப்பாற்றும், எங்கள் மேசைக்கு வராமலே. பட்டம் விடுகிற கண்ணாடித்தூள் நூல், எலிப்பாஷாணம், ஈயக்குண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எலி மருந்தைச் சும்மா சொல்லவில்லை. அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலியைத்தான் ஆந்தை முதலில் பிடிக்கும். மருந்து ஆந்தையின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஒரு வனவிலங்கு மருத்துவமனையில் செத்த 43 செவ்வால் பருந்துகளின் ஈரலைப் பரிசோதித்து 2020இல் வெளியிட்டார்கள். 43இலும் எலி மருந்து இருந்தது. நியூயார்க்கின் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து தப்பி ஒரு வருடம் நகரத்தில் தானே வேட்டையாடி வாழ்ந்த ஃபிளாக்கோ என்ற பெரிய ஆந்தை 2024 பிப்ரவரியில் விழுந்து செத்தபோது, கட்டடத்தில் மோதியது என்றார்கள். அறுத்துப் பார்த்தால் உடம்பு நிறைய எலி மருந்தும், புறாவிடமிருந்து தொற்றிய வைரஸும். மோதுவதற்கு முன்பே அது நோயாளி. இந்தியாவில் பாறுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் செத்து விழுந்ததற்கு மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான், செத்த மாட்டின் இறைச்சி வழியாக, காரணம் என்று 2004இல் கண்டுபிடித்து, 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். செத்த பறவைகளைப் பொறுமையாக அறுத்துப் பார்த்து, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி வைத்ததால் வந்த விடை அது. ஒவ்வொரு கழுகாகத் தூக்கிக் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தால் மட்டும் கிடைத்திருக்காது.

உங்கள் வண்டியில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். செத்துப்போனதையும் எழுதுங்கள், எங்களிடம் கொடுங்கள். விட்ட பறவையின் காலில் நாங்கள் போடும் வளையத்தின் எண்ணை உங்களுக்கு அனுப்புகிறோம். எங்காவது அந்த எண்ணோடு ஒன்று திரும்பக் கிடைத்தால், உயிரோடோ இல்லாமலோ, உடனே சொல்லுங்கள். என்னுடைய வைரிக்கு வளையம் இல்லை. வாலிறகு பிளந்திருக்காவிட்டால் அதையும் ஒரு வெற்றி என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் பருந்து முப்பது முறை வாயைத் திறக்காமல் பறக்கட்டும், வீசிய துண்டை ஆகாயத்திலேயே காலால் பிடிக்கட்டும். இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறும் சந்தேகம்தான். அனேகமாக ஒரு வார நாளில், காலை ஏழு மணிவாக்கில், அதை எடுத்த அதே ஏரிக்கரையில் வைத்துத்தான் பெட்டியைத் திறப்போம். முந்தின நாள் சாயங்காலம் கூப்பிடுகிறேன். இரண்டு பேர் வந்தால் போதும். வீடியோ எடுக்கிற தம்பியையும் அழைத்து வாருங்கள், ஆனால் கேமராவுக்குப் பதில் பைனாகுலர் எடுத்துவரச் சொல்லுங்கள். அது கிளம்பிப் போன பிறகு மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று எழுதவேண்டியிருக்கும். உட்கார ஏதாவது விரித்துக்கொள்ளவும் கொண்டுவாருங்கள், கரை ஈரமாக இருக்கும்.

அன்புடன்,
பறவைகள் கூடத்திலிருந்து ஒரு தன்னார்வலர்